ஆட்டுக்கொம்பு ஹேண்டிலும் சப்பாத்தி மாவும்

என் அண்ணன் ஆனையூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. டைல்ஸ் வாங்க தினமும் ஆள் வருவதில்லை. வருகிறவர்களும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விடுவார்கள். மிச்சப் பொழுதெல்லாம் அண்ணன் கைப்பேசியில் சைக்கிள் வீடியோ பார்ப்பான். பார்த்துப் பார்த்து ஐம்பது வயதுக்கு மேல் அவனே நெடுந்தூர சைக்கிள்காரன் ஆகிவிட்டான். உடம்போடு ஒட்டிய கறுப்பு டவுசர் ஒன்று வாங்கினான். அதன் பின்பக்கத்தில் சின்னத் தலையணை ஒன்றை வைத்துத் தைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் போட்டுக்கொண்டு அவன் தெருவில் இறங்கினால் மதினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அவனோடு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போனார். மாற்றல் வந்தது என்று அண்ணன் சொல்வான். கேட்டு வாங்கிப் போனார் என்று மதினி சொல்வாள். எப்படியோ, பேசிக்கொண்டே ஓட்ட அவனுக்கு ஒரு துணை இல்லாமல் போய்விட்டது. அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"பாப்பா, ஒனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும்ல?"

எனக்கு நாற்பத்தைந்து வயது. கல்லூரி நூலகத்தில் வேலை. அங்கே எல்லாரும் மேடம் என்கிறார்கள். அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"காலேஜ் முடியிற வரைக்கும் சைக்கிள்லதானண்ணே போனேன். அப்பறம் தொட்டதே இல்ல."

"அது மறக்காது. தை பொறந்ததும் நம்ம ரெண்டு பேரும் கல்லுப்பட்டிக்குப் போறோம்."

"கல்லுப்பட்டிக்கு எதுக்கு?"

"எதுக்கா? போயிட்டு வர்றதுக்கு."

டி. கல்லுப்பட்டிக்கு பஸ் இருக்கிறது என்று என் கணவர் உள்ளேயிருந்து சொன்னார். அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் போட்டுக்கொள்ளவில்லை. நடந்தால் முழங்கால் வலிக்கிறது, சைக்கிள் ஓட்டினால் வலிக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிய காரணம், அண்ணன் கூப்பிட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஆசையாகிவிட்டது.

அப்போது ஆனி மாதம். முதலில் அண்ணன் தன் பழைய ரேஸ் சைக்கிளைக் கொடுத்தான். அதன் ஹேண்டில் ஆட்டுக்கொம்பு மாதிரி முன்னால் போய்க் கீழே சுருண்டிருக்கும். அந்தக் கொம்பைப் பிடிக்க வேண்டுமென்றால் தரையில் விழுந்த காசைத் தேடுகிறவள்போலக் குனிய வேண்டும். பழகிப் பார்க்க, அப்படிக் குனிந்தபடியே வாடிப்பட்டி வரைக்கும் ஓட்டினேன். அண்ணன் பக்கத்தில் வந்தபடி அங்கே பார் மயிலு, இங்கே பார் கொக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் தார் பார்த்தேன். வெள்ளைக் கோடு பார்த்தேன். நசுங்கிய தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, மறுபடி தார். வழியில் வைகை வந்ததா, போனதா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

வாடிப்பட்டியில் டீக்கடை முன்னால் இறங்கினேன். இறங்கிய பிறகும் குனிந்தேதான் இருந்தேன். கழுத்து பூட்டிக்கொண்டது. பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ மாஸ்டர் கிளாஸை என் கையில் வைத்துவிட்டு அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, வீட்டுச் சண்டைய வீட்டோட வச்சுக்கங்கண்ணே. பொம்பளப்பிள்ளைய ரோட்டுல கூட்டியாந்து அழுக விடலாமா?"

"அது அழுகலங்க. காத்து மோதாம இருக்க அப்பிடித்தான் குனியணும்."

"டீக்கடைக்குள்ள என்ன காத்து?"

டீ மாஸ்டர் எனக்கு ஒரு வடையும் கொண்டுவந்து வைத்தார். அழுகிறவர்களுக்கு அது இலவசம் போல. வேண்டாம் என்று தலையாட்டக்கூட முடியவில்லை, தின்றுவிட்டேன்.

அன்று என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு மினி வேன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நானும் சைக்கிளும் வந்தோம். கழுத்து இரண்டு நாளில் சரியானது. உட்காரும் இடம் ஒரு வாரம் எடுத்துக்கொண்டது. நூலகத்தில் நின்றபடியே புத்தகம் கொடுத்தேன். மேடம் ரொம்பச் சுறுசுறுப்பாகிவிட்டார்கள் என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சைக்கிளை மாற்றாமல் இனி ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். புதிதாகவே வாங்கிவிடலாம் என்று அண்ணன் உற்சாகமானான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு அளவு எடுக்க வேண்டுமாம். நாம் உட்காரும்போது சீட்டில் ஊன்றுகிற இரண்டு எலும்புகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று தெரிந்தால்தான் சீட் பொருந்துமாம். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் அட்டையின் மேல் உட்கார்ந்து எழுந்தான், அட்டையில் இரண்டு குழி விழுந்திருந்தது. நானும் அட்டையின் மேல் உட்கார்ந்து பார்த்தேன். எதுவும் விழவில்லை.

இந்த இடத்தில்தான் என் கணவர் கதைக்குள் வந்தார். அவர் சர்வேயர். நிலம் அளப்பது தொழில். அளவு என்ற சொல் காதில் விழுந்தால் தூக்கத்திலிருந்துகூட எழுந்து வருவார்.

"அட்டையில தடம் விழாது மச்சான். ஈரமண்ணு வேணும்."

"ஈரமண்ணு மேலெல்லாம் நான் உக்கார மாட்டேன்" என்றேன்.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் யோசித்தோம். பிறகு மூன்று பேரின் கண்ணும் ஒரே நேரத்தில் அடுப்படிப் பக்கம் போனது. அங்கே இரவுச் சாப்பாட்டுக்குப் பிசைந்து வைத்த சப்பாத்தி மாவு இருந்தது.

மாவைப் பலகையில் தட்டிப் பரப்பி, அதன் மேல் பாலிதீன் தாள் விரித்து, பலகையை முக்காலியின் மேல் வைத்தார்கள். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். கணவர் ஸ்டீல் ஸ்கேலோடு ஒரு பக்கம் குனிந்தார். அண்ணன் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் குனிந்தான். அப்போது எதிர்வீட்டு அக்கா கறிவேப்பிலை பறிக்க வந்தாள். அவள் எப்போதுமே கூப்பிட்டுவிட்டு உள்ளே வருகிறவள் இல்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். எழலாமா உட்காரலாமா என்று தெரியாமல் அப்படியும் இப்படியும் அசைந்தேன். குனிந்திருந்த இரண்டு பேரும் நிமிரவே இல்லை. அக்கா எதுவும் கேட்காமல் கொல்லைப் பக்கம் போய்க் கறிவேப்பிலை பறித்துக்கொண்டாள். திரும்பிப் போகும்போது வாசலில் நின்று ரொம்ப இரக்கமான குரலில் சொன்னாள்.

"கூச்சப்படாத தாயி. எங்க வீட்டுக்காரருக்கும் மூலம் இருந்துச்சு. துத்தி இலையை வதக்கிச் சாப்பிடு. மாவு ஒத்தடமெல்லாம் கேக்காது."

மறுநாள் முதல் தெருவில் என் நலம் விசாரிக்காதவர்களே இல்லை. துத்தி இலை கட்டுக் கட்டாக வந்தது. பிறகு நான் சைக்கிளில் போவதைப் பார்த்தபோதெல்லாம் அவர்கள் முகத்தில் வந்த வேதனையைச் சொல்லி முடியாது. அந்த மாவை என்ன செய்தோம் என்றும் சிலர் கேட்கிறார்கள். மேலே தாள் விரித்திருந்தோம் என்பதை மட்டும் திரும்பவும் சொல்லிக்கொள்கிறேன்.

அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மூவரும் நகரத்தின் பழைய பகுதியில் இருக்கும் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரரை எல்லாரும் பாய் என்பார்கள். அண்ணனைக் கண்டதும் பாயின் முகம் வாடியது. அண்ணன் வாராவாரம் அங்கே போய் எதுவும் வாங்காமல் அவருக்குச் சைக்கிள் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு வருவானாம். இந்த முறை உண்மையிலேயே வாங்க வந்திருக்கிறோம் என்றதும்தான் நாற்காலி போட்டார். சீட்டைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் படித்தார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இது ஒரு ஆளு அளவு இல்ல. ரெண்டு பேரு சேந்து உக்காந்த அளவு."

கணவர் சீட்டை வாங்கிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. எதிர்வீட்டு அக்கா வந்தபோது நான் அசைந்ததில் குழி அகலமாகியிருக்கிறது.

"எல்லைக்கல்லு நகந்துருச்சு" என்றார். அவருடைய தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. கடையிலேயே திரும்ப அளக்கலாமா என்று கேட்டார். இங்கே மாவு கிடையாது என்று பாய் அவசரமாகச் சொன்னார்.

பாயின் கருத்து வேறு. வசதி என்றால் ஸ்பிரிங் என்றார். முன்னால் ஸ்பிரிங், பின்னால் ஸ்பிரிங் வைத்த சிவப்புச் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். "இதுல உக்காந்தா பள்ளமெல்லாம் பூப்பந்து மாதிரி இருக்கும். ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

கடை இருந்த மாசி வீதியில் ஒரு சுற்றுப் போனேன். மிதித்தால் சைக்கிள் கீழே போனது. விட்டால் மேலே வந்தது. என் பலத்தில் பாதி முன்னால் போகவும் மீதி மேலே கீழே போகவும் செலவானது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து என் பக்கத்திலேயே வந்தார். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் என் தலையோடு சேர்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார்கள்.

"யக்கா, குதிரைய எங்க வாங்குனீங்க?"

கடைக்குத் திரும்பியபோது காலையில் தின்ற இட்லி தொண்டைக்குப் பக்கத்தில் இருந்தது. ஸ்பிரிங் வேண்டாம் என்றேன்.

அடுத்து பாய் காட்டியது முன்னால் கூடை வைத்த பெண்கள் சைக்கிள். ஹேண்டில் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. சீட் சோபா மாதிரி அகலம், அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கோ உட்கார்ந்ததுமே வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் இருந்தது. "ஞாயித்துக்கெழமை எடுத்துட்டுப் போயி ஓட்டிப் பாருங்க. புடிச்சா வச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டார்.

அந்த ஞாயிறு ஆடிக் காற்று. வாடிப்பட்டிச் சாலையில் நேர் எதிரே அடித்தது. அண்ணன் கொம்பைப் பிடித்துக் குனிந்து காற்றுக்கு அடியில் புகுந்து போய்விட்டான். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததால் முழுக்காற்றும் எனக்குத்தான். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், பக்கத்தில் இருந்த புளியமரம் நகரவே இல்லை. ஒரு ஆட்டுக்கூட்டம் என்னைத் தாண்டிப் போனது. கடைசியில் வந்த நொண்டி ஆடும் தாண்டியது. ஆடு மேய்த்துக்கொண்டு வந்தவர் என் பக்கத்தில் வந்து நடையைக் குறைத்தார்.

"எறங்கித் தள்ளிக்கிட்டு வாத்தா. வெரசாப் போயிரலாம்."

இறங்கித் தள்ளினேன். அவர் சொன்னது சரிதான், வேகம் கூடியது. அங்கிட்டு இங்கிட்டு மேயப் போன ஆடுகளை நானும் கொஞ்சம் பத்திவிட்டேன். டீக்கடைக்கு ஆடுகளோடு போய்ச் சேர்ந்தபோது அண்ணன் என்னைத் தெரியாதவன்போல வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

ஆனால் திரும்பி வருகையில் காற்று முதுகுப் பக்கம் வந்துவிட்டது. துப்பட்டா பாய்மரம் மாதிரி விரிந்துகொண்டது. மிதிக்கவே தேவையில்லாமல், கூடையில் வாழைப்பழச் சீப்போடு, ராணி மாதிரி உட்கார்ந்து அண்ணனைத் தாண்டிப் போனேன். அவன் பின்னாலிருந்து கத்தினான்.

"பாப்பா, இதுக்குப் பேரு சைக்கிளிங் இல்ல."

இருந்தாலும் வீடு வந்து இறங்கியபோது அந்தச் சோபா சீட்டின் குணம் தெரிந்தது. மெத்தென்று இருந்த சீட்டுக்குள் உடம்பு அமுங்கி அமுங்கி, தொடை இரண்டும் உரசிச் சிவந்துபோயிருந்தன. காற்று எப்போதும் முதுகில் அடிக்கும் என்றால் அந்தச் சைக்கிளையே வாங்கியிருப்பேன். அது முடியாது என்பதால் அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போனோம்.

பாய் தொழுகைக்குப் போயிருந்தார். காத்திருந்தபோது கடை வாசலில் நின்ற ஒரு சைக்கிளின் மேல் சும்மா ஏறி உட்கார்ந்தேன். சாணிப் பச்சை நிறம். ஆட்டுக்கொம்பு ஹேண்டில்தான், ஆனால் அது என்னைக் கீழே இழுக்கவில்லை. கை நீட்டியதும் பிடிக்கு வந்தது, முழங்கை லேசாக மடங்கியது. முதுகு கொஞ்சம் சாய்ந்திருந்தது, கழுத்து சும்மா இருந்தது. டயர் ரேஸ் சைக்கிளைவிடக் கொஞ்சம் தடிமன். சீட் ஒல்லியாக, கட்டியாக, நடுவில் பள்ளத்தோடு இருந்தது. அதில் எப்படி உட்கார முடியும் என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் பாயே திரும்பி வந்துவிட்டார். அதுவரைக்கும் எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. கடையின் மின்விசிறி, சுவர்க் காலண்டர், தெருவில் போன கரும்பு வண்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தேன்.

அண்ணன்தான் கண்டுபிடித்தான்.

"பாய், என்ன இது? ஹேண்டில் கழுத்தத் தலைகீழா மாட்டிருக்கு."

ஹேண்டிலைச் சைக்கிளோடு சேர்க்கிற அந்தச் சின்னத் துண்டு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டுமாம். இதில் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. பாய் குனிந்து பார்த்துவிட்டுப் பதறினார்.

"அட ஆமா. நேத்து நாந்தான் மாட்டுனேன். கரண்டு இல்லாதப்ப மாட்டுனது. எறங்குங்கக்கா, ஸ்பானர் எடுத்தாரேன். இன்ஷா அல்லா ரெண்டு நிமிசத்துல சரி பண்ணிரலாம்."

நான் இறங்கவில்லை.

"ஸ்பானர உள்ளாற வைங்க பாய். எனக்கு இதான் வேணும்."

"பாப்பா, அது தப்பு."

"இருக்கட்டும்ண்ணே. எனக்குத் தப்புதான் வசதியா இருக்கு."

அண்ணன் வீடியோவில் வரும் வெள்ளைக்காரர்களையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டான். பாய் தலைகீழாக மாட்டிய சைக்கிளை விற்றால் கடைப் பேர் கெட்டுவிடும் என்று தயங்கினார். என் கணவர் மட்டும் டேப்பை எடுத்து, தோளிலிருந்து ஹேண்டில், இடுப்பிலிருந்து பெடல் என்று சுற்றிச் சுற்றி அளந்தார். பிறகு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"இவளுக்கும் ஹேண்டிலுக்கும் எல்லைத் தகராறு ஒண்ணும் இல்ல. முடிச்சுருங்க பாய்."

அந்த நிறத்தில் ஒருவரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்று பில் போடும்போதுதான் பாய் வாய்தவறிச் சொன்னார்.

தை பிறந்தது. பொங்கல் கழிந்த ஞாயிறு, விடியும்போதே கிளம்பினோம். பனி இருந்தது. ஊரைத் தாண்டித் திருமங்கலம் போகும்வரை அண்ணன் பேசிக்கொண்டே வந்தான். பாதையில் இருந்த எல்லாவற்றையும் நான் இந்த முறை பார்த்தேன். கண்மாயில் நின்ற நாரை, வெள்ளாமை அறுத்த வயல், சோளத்தட்டைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி போன டிராக்டர். பல் துலக்கிக்கொண்டே எனக்குக் கையசைத்த ஒரு பெரியவருக்கு நானும் கையசைத்தேன். ஒரு கையை எடுத்தும் சைக்கிள் ஆடவில்லை.

திருமங்கலம் தாண்டியதும் சாலை பிரியும். நேரே போனால் விருதுநகர், வலப்பக்கம் திரும்பினால் கல்லுப்பட்டி. அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் அண்ணனுக்கு வேகம் காட்ட ஆசை வந்தது. கொம்பைப் பிடித்துக் குனிந்தான், மிதித்தான், பறந்தான். வழிகாட்டிப் பலகை வந்தது. எனக்குத் தெரிந்தது. அவனுக்குத் தார் தெரிந்திருக்கும். நேரே போய்க்கொண்டே இருந்தான்.

"அண்ணே, அது வெருதுநகர் ரோடு" என்று கத்தினேன். காதில் விழவில்லை. விரட்டிப் பிடிக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பசித்தது. வலப்பக்கம் திரும்பிவிட்டேன்.

கல்லுப்பட்டிச் சாலையில் இரண்டு பக்கமும் கரிசல். அங்கங்கே பருத்தி வெடித்து நின்றது. பேச ஆளில்லாததால் சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது. இவ்வளவு தூரம் வந்தும் முழங்கால், கழுத்து, உட்காரும் இடம் எதிலிருந்தும் ஒரு புகாரும் வரவில்லை. சத்தமாகப் பாடிக்கொண்டு போனேன் என்று சொன்னால் என் நூலகத்தில் நம்பமாட்டார்கள்.

கல்லுப்பட்டியில் ஒரு கிளப்புக் கடையில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான்.

"பாப்பா, எங்கருக்க? எம்புட்டு நேரமா ஒனக்காக நிக்கிறேன். ஒன்னால முடியலையா?"

"நான் கல்லுப்பட்டிக்கு வந்துட்டேண்ணே. நீ எங்கருக்க?"

"நானும் கல்லுப்பட்டிலதான் இருக்கேன். போர்டுக்கு நேர நிக்கிறேன்."

"போர்ட நல்லாப் படிண்ணே."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போர்டுக்குப் பக்கத்தில் போனான் போல.

"கள்ளிக்குடின்னு போட்டுருக்கு" என்றான்.

பக்கத்தில் யாரோ சிரிப்பது கேட்டது. அங்கிருந்து குறுக்கே கல்லுப்பட்டிக்கு ஒரு சாலை உண்டு. அதில் அவன் வந்து சேர்வதற்குள் நான் இன்னொரு செட் பூரியும் ஒரு காப்பியும் முடித்து, அந்த ஊரில் இருக்கும் ஆசிரமத்துப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்திருந்தேன். அண்ணன் வந்தான். குனிந்தபடியே உட்கார்ந்தான். இலையைப் பார்த்தே சாப்பிட்டான். அவன் தலைக்கு மேலே கடையின் விலைப்பலகை இருந்தது. அதை அண்ணாந்து பார்க்க முடியாமல் என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினான்.

திரும்பும்போது திருமங்கலம் வரை இருவரும் பக்கத்துப் பக்கத்தில் மெதுவாக வந்தோம். நடுவில் கொய்யாப்பழம் விற்ற ஒரு பாட்டியம்மாவிடம் நின்றோம். நான் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவன் என் சைக்கிளில் ஏறி சாலையோர மண்ணில் சும்மா ஒரு வட்டம் போனான். பிறகு இன்னொரு வட்டம். இறங்கும்போது முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"கலர் சகிக்கல" என்று மட்டும் சொன்னான்.

ஒரு வாரம் கழித்து அண்ணனின் சைக்கிளைக் கடை வாசலில் பார்த்தேன். ஹேண்டில் கழுத்து மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. டைல்ஸ் பார்க்க வந்த ஒரு தம்பதியிடம், இது இப்போது வெளிநாட்டில் புதிதாக வந்திருக்கிற முறை என்று விளக்கிக்கொண்டிருந்தான். கணவன் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மனைவி, குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் இருக்கிறதா இல்லையா என்று இரண்டாவது தடவையாகக் கேட்டாள். நான் உள்ளே போய் அந்தப் பெண்ணுக்கு டைல்ஸ் எடுத்துக் காட்டினேன்.